வண்டு விழுந்த மாவு

மாவின் நடுவே பறித்த குழியில் தண்ணீர் விழுந்தது, விழுந்த கணமே மகள் ரூத் கைபேசியைத் தட்டி, ஸ்டார்ட் பண்ணிட்டேன், பிசைம்மா பிசை என்று கத்தினாள், லேயாவின் இரண்டு கைகளும் பாய்ந்தன, இனிப் பதினெட்டு நிமிடம், அதற்குள் பிசைந்து தேய்த்துக் கல்லில் போட்டுவிட வேண்டும், தாண்டினால் மாவு புளித்ததாகக் கணக்கு, யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு அந்த அப்பம் ஆகாது, மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேரக்கூடாது, உப்புக்கல் ஒன்றுகூட, இதில் வீட்டுக்காரி பிசகினால் அந்த வருடம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று லேயாவின் அம்மா சிம்ஹாவுக்கு ஒரு நடுக்கம், அதனால் புரசைவாக்கத்து வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நெற்றியில் பயில்வான் மாதிரி துண்டு கட்டிக்கொண்டு நிற்பாள், வேர்வையும் உப்புதாண்டி, கண்ணீரும் உப்புதான், ரெண்டும் மாவுல விழக்கூடாது என்பாள். அம்மா இல்லாத முதல் பஸ்கா இது, அழுதுவிடுவோமோ என்றுதான் லேயாவுக்குப் பயம்.

நாலு நிமிஷம் என்கிறாள் ரூத், கை நிற்கக்கூடாது, நிறுத்தினால் மாவு தூங்கிவிடும் என்பாள் அம்மா, அவள் எங்கே தூங்கினாள், பதினேழு வயதில் கொச்சியிலிருந்து ரயிலேறி வந்தாள், கண்ணாடிக்கடை எலியாவைக் கட்டிக்கொண்டாள், தமிழே தெரியாது, ஒரே மாதத்தில் காய்கறிக்காரியோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள், ஐந்து பெற்றாள், ஒன்றைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள், வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டால் மறுநாள் இருட்டும்வரை அடுப்பைத் தொடமாட்டாள், விருந்தாளி வந்தால் ஆறின சோறும் சூடான பேச்சும் கிடைக்கும், ஏழு நிமிஷம், உருண்டை பிடிம்மா, பிடிக்கிறாள், லேயாவைத் தவிர மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குப் போனார்கள், நீயும் வா என்றார்கள், போனாள், மூன்றே மாதம், அங்க எல்லாருமே யூதங்கதாண்டி லேயா, நீங்க யாருன்னு கேக்கவே ஆளில்ல, போரடிக்குது என்று திரும்பி வந்துவிட்டாள், எண்பது வயதில் கண்புரை எடுத்த அன்று கட்டவிழ்த்ததும் லேயாவைப் பார்த்து, உனக்கு எப்போடி நரைச்சுது என்று கேட்டாள், ஆஸ்பத்திரியே சிரித்தது, தொண்ணூற்றொன்று, நிறைவான வாழ்வு, இதுக்குப் போய் அழுவாங்களா என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது, பதினோரு நிமிஷம், லேயா தேய்க்கிறாள், முள்கரண்டியால் குத்துகிறாள், கை பறக்கிறது, உடம்பெல்லாம் அம்மாவின் வேகம் ஏறியிருக்கிறது, என்ன சந்தோஷம், ஜெயிச்சுட்டோம்டி ரூத் என்று கத்துகிறாள், கத்தும்போதே கண்ணிலிருந்து ஒரு சொட்டு பொட்டென்று மாவில் விழுந்தது.

ரூத் பார்க்கவில்லை, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிமூணும்மா, கல்லு காஞ்சிடுச்சு, போடு, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, ஒரு சொட்டுதான், யாருக்குத் தெரியும், லேயா மாவை எடுத்தாள், கை கல்லுக்குப் போகவில்லை, அப்பா இறந்த அடுத்த மாதம் வந்த பஸ்காவில் அம்மா முதல் மாவை அப்படியே தூக்கி வெளியே கொட்டியது ஞாபகம் வந்தது, வண்டு கெடக்குதுடி என்றாள், அடுத்த வருடமும் வண்டு, அதற்கடுத்த வருடமும், இருபத்தொன்பது வருடம் முதல் மாவில் மட்டும் வண்டு, லேயா மூன்று முறை கோதுமைக் கடையை மாற்றினாள், மாவு மெஷின்காரனோடு சண்டைக்கே போனாள், கோதுமையைத் தட்டில் பரப்பி மணி மணியாகப் பொறுக்கி எடுத்தவள் அம்மா, அவள் கண்ணுக்குத் தப்பி எந்த வண்டு வரும், ஒரு வருடம்கூட அந்த வண்டை அவள் காட்டியதில்லை, கொட்டும்போது முகத்தையும் காட்டியதில்லை, அடிப்பாவி அம்மா, இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றும் எனக்குத் தெரியவில்லையே.

லேயா மாவைக் குப்பைக் கூடையில் போட்டாள், ஐயோ என்னம்மா பண்ற, டைம் இருக்கே என்று ரூத் அலறினாள், லேயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், வண்டு கெடக்குதுடி, மூணு தடவ சலிச்சோமேம்மா, சலிச்சாலும் வரும், நீ மொதல்லேருந்து நிமிஷத்த எண்ணு.