தோர்கில்லின் வலது கால்

கோபன்ஹேகனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனையையும் ஆய்வாளர் முதலில் தன் உடம்பில்தான் செய்துபார்ப்பார். உழைத்த தசைதான் ரத்தத்திலிருந்து அதிகச் சர்க்கரையை உறிஞ்சும் என்பது பேராசிரியர் தோர்கில்லின் பத்தாண்டு நம்பிக்கை. வலது காலுக்குப் பயிற்சி கொடுத்து, இடது காலுக்கு ஓய்வு விட்டார். ஆனால் இரண்டும் ஒன்றுபோலவே உறிஞ்சின. மனிதர் இடிந்துபோனார்.

"இங்க எதுல வந்தே?" என்றாள், ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த மனைவி பிர்கிட்.

"சைக்கிள்லதான்."

"அட மக்குப் பேராசிரியா! ஓய்வெடுக்கிற காலு வேடிக்கை பாத்துக்கிட்டா வந்துச்சு?"

அடுத்த முறை சரக்கு ஏற்றும் சைக்கிளின் முன்பெட்டியில் அவரை உட்காரவைத்து அவளே மிதித்து வந்தாள். வலது கால் இரண்டு மடங்கு உறிஞ்சியது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம்!

திரும்பும் வழியில் பேக்கரியைக் கண்டதும் வலது கால் மட்டும் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டது. பின்னாலேயே சைக்கிளில் வந்த நானே பார்த்தேன்.