கணுக்காலில் படும் காற்று

அந்த வாரம் முழுக்க அணைந்தும் எரிந்தும் போக்குக் காட்டிக்கொண்டிருந்த, வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர், வியாழக்கிழமை காலையில் ஒரேயடியாக அடங்கிவிட்டது. வில்ஃப் ராப்சன் சமையலறைத் தரையில் முழங்காலிட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். உள்ளே சின்னச் சுடர் பற்றியது. விரலை எடுத்ததும் செத்தது. வீட்டைச் சுற்றி ரேடியேட்டர்களைத் தொட்டுக்கொண்டே வந்தார். மாடி அறையிலும் சரி, கூடத்திலும் சரி, எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. கம்பளித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பழைய சுரங்கத் தோழன் ஹெப்பிளின் மகள், பாய்லர் பழுதுபார்க்கும் லின்சிக்கு போன் செய்தார்.

அவள் வரும்வரை உட்கார இடமில்லாததுபோல நின்றுகொண்டே இருந்தார். பாய்லருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி மனைவி டோரீனுடையது. போன பிப்ரவரியில் அந்த நாற்காலியில்தான் அவள் உயிர் போனது, மடியில் பாதி உரித்த உருளைக்கிழங்கோடு. அவர் அப்போது தோட்டத்தில் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இதயம் என்றார் டாக்டர். அந்த வயதில் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. ஆனால் வில்ஃப் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், தன்னைத்தானே. அரை மணி முன்னால் வந்திருந்தால்? தலைவலி என்று அவள் சொன்ன அன்றே டாக்டரிடம் இழுத்துப் போயிருந்தால்? தன்னால் காப்பாற்றியிருக்க முடியுமா என்ற அந்த ஒரு கேள்வியோடுதான் தினமும் எழுந்தார், படுத்தார்.

லின்சி பின்கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் கருவிப் பெட்டி, காலில் பனிச்சேறு.

"என்ன மாமா, வீட்டுக்குள்ளயே தொப்பி? பஸ்ஸுக்கா காத்திருக்கீங்க?"

"உங்கப்பன் வாய் அப்படியே இருக்கு உனக்கு. சுரங்கத்துக்குள்ள நாங்க மூச்சு வாங்கிட்டு நிப்போம், அவன் மட்டும் பேசிட்டே இருப்பான்."

"அவருக்கும் சேத்துத்தான் நீங்க காத்து அனுப்பினீங்களாமே. நீங்க இருந்தா பயமில்லன்னு சொல்வாரு."

வில்ஃபுக்கு அது பிடித்திருந்தது. உண்மையும்கூட. சுரங்கம் மூடும்வரை தரைக்கு அடியில் காற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. எந்தக் கதவைத் திறந்தால் எந்தப் பாதைக்குக் காற்று போகும், எங்கே தேங்கும் என்று இருட்டிலும் சொல்வார். புறாக்கூண்டில்கூட, எவ்வளவு பனி கொட்டினாலும் மேலே இருக்கும் கம்பிவலையை அடைக்கமாட்டார். பறவைக்குக் குளிர் ஒன்றும் செய்யாது, கெட்ட காற்றுதான் ஆகாது என்பார்.

லின்சி பாய்லரின் முன்தகட்டைக் கழற்றினாள். உள்பக்கமெல்லாம் கரி. துடைத்துவிட்டு ஒருவழியாகச் சுடரைப் பிடிக்கவைத்து பாய்லரை எரியவிட்டாள். நீலமாக விறைத்து நிற்க வேண்டிய தீ, மஞ்சளாகச் சோம்பி ஆடியது. பெட்டியிலிருந்து புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்திப் புகைக்குழாயின் வாய்க்குக் கீழே பிடித்தாள். புகை மேலே ஏறவில்லை. கொஞ்சம் தயங்கி, திரும்பி, அறைக்குள் வழிந்து, டோரீனின் நாற்காலிப் பக்கம் நகர்ந்தது.

லின்சி உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பின்கதவை அகலத் திறந்தாள்.

"மாமா, இந்தச் சுவர்ல காத்துத்துளை ஒண்ணு இருக்கணுமே. எங்க?"

அவர் ரொட்டிப்பெட்டிக்குக் கீழே, தரையை ஒட்டி, கை காட்டினார். லின்சி மூடியைக் கழற்றி இடுக்கியால் இழுத்தாள். நீலக் கம்பளி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

டோரீனின் பழைய ஸ்வெட்டர். கணுக்காலில் காற்று கத்திபோல் படுகிறது என்று முந்தின குளிர்காலத் தொடக்கத்தில் அவள் சொன்னாள். கேட்ட அன்றே அவர் செய்துகொடுத்தார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. மரக்கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி, ஒரு இழை காற்றும் நுழையாதபடி அடைத்தார். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்று அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தரைக்கு அடியில் அத்தனை காலம் காற்றை அளந்து அளந்து அனுப்பியவர், மேலே வந்தபின் அது சும்மா கிடைக்கும் பொருள் என்று இருந்துவிட்டார்.

"எல்லாரும் செய்றதுதான்" என்றாள் லின்சி, அவரைப் பார்க்காமல். "இந்தத் தெருவுலயே ரெண்டு வீட்ல புடுங்கியிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் கேட்டாகணும் மாமா. வீட்ல யாருக்காவது தலைவலி, மயக்கம், அப்படி ஏதாவது?"

கடலோர விட்பியில் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒரு வாரம் மட்டும் டோரீனுக்குத் தலைவலி வரவே இல்லை. கடல்காற்றுதான் காரணம் என்று திரும்பி வந்து சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் வில்ஃப். "நான் எங்க வீட்ல இருந்தேன்? பகல் பூரா புறாவோட."

"நான் உங்களக் கேக்கல."

அவர் ஜன்னலைப் பார்த்தார். சவப்பெட்டியில் அவள் கன்னம் சிவந்திருந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறாள், சின்னப் பெண்ணைப்போல, என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவருக்கும் அது ஆறுதலாக இருந்தது. விபத்து நடந்த வருஷம் சுரங்கத்திலிருந்து பிணமாகத் தூக்கி வரப்பட்டவர்களின் கன்னங்களும் அப்படித்தான் சிவந்திருந்தன. காற்றுப் போதாமல் எரியும் தீயிலிருந்து வரும், வாசனையே இல்லாத விஷவாயு செய்யும் வேலை அது என்று புதுப் பையன்களுக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான்.

"நான் யாருகிட்டயாவது பேசட்டுமா? கேட்டா காரணத்த மறுபடி பாப்பாங்க."

"எதப் பாப்பாங்க கண்ணு? அவள எரிச்சாச்சே."

லின்சி எரிவாயுக் குழாயை மூடிச் சீல் வைத்தாள். சிவப்பு எச்சரிக்கை அட்டையைப் பாய்லரில் கட்டினாள். வேனிலிருந்து ஒரு மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அவர் ஒப்புக்கு நன்றி சொன்னார். வாசல்வரை போனவள் நின்றாள்.

"லீட்ஸ்ல அலிசனுக்கு நான் போன் பண்றேன் மாமா. அப்பாவ இந்தக் குளிர்ல தனியா விடக்கூடாது. என்ன சொல்லட்டும்?"

மகள் அலிசனுக்கு அம்மா என்றால் உயிர்.

"பாய்லர் போச்சுன்னு சொல்லு" என்றார் வில்ஃப். கொஞ்சம் கழித்து, "பாய்லர் போச்சுன்னு மட்டும்."

லின்சி தலையாட்டினாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஹீட்டரை அவர் போடவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டோரீனின் நாற்காலியில் உட்கார்ந்தார். திறந்த துளை வழியாகக் காற்று வந்து கணுக்காலில் பட்டது. அவள் சொன்னது சரிதான், கத்திபோலத்தான் இருந்தது. லின்சி தரையில் போட்டுவிட்டுப் போன கம்பளி, துளையின் வடிவத்திலேயே செங்கல்லாக இறுகிக் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று பட்டுப் பட்டு அதன் ஓரம் மெல்ல நெகிழ்ந்தது. உள்ளேயிருந்து ஸ்வெட்டரின் ஒரு கை, மணிக்கட்டுப் பொத்தானோடு, சுருக்கம் விட்டு, தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.