அட்ராக்டாவின் பச்சைக் களிம்பு

டிராக்டரின் சூடான புகைக்குழாயைப் பிடித்து என் கணவன் மலாக்கி உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டான். அதுவும் வலது கை, அதுவும் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிற நேரத்தில். டாக்டர் கொடுத்த மருந்துக்குப் புண் மசியவில்லை.

தீப்புண்ணுக்குக் கைகண்ட மருந்து பக்கத்து வீட்டு அட்ராக்டாவிடம் இருக்கிறது. பச்சைக் களிம்பு. அதில் என்ன சேர்க்கிறாள் என்று தெரியாமல் பல வருடமாக எனக்கு மண்டை குடைச்சல். வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்று அவள் வாயே திறந்ததில்லை. அவளாக வந்து கொடுக்கவும் கூடாது. சுட்டுக்கொண்டவனே போய்க் கேட்க வேண்டும், அதுதான் முறை. மலாக்கியோ அவளிடம் பேசியே வருடக்கணக்காகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த எல்லைக் கல்சுவரை அவன் இடித்துப் புதிதாகக் கட்டியபோது, காரணம் சொல்லாமல் கூச்சல் போட்டு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று கோபம். வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

கடைசியில் வலி பொறுக்காமல் போனான். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"என்ன மலாக்கி, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் அட்ராக்டா.

"ஆடு ஒண்ணைக் காணோம்."

"எந்தக் கையால பிடிக்கப்போற?"

அவன் தரையைப் பார்த்தான். "கை எரியுது."

"அது சேதி. நீ இன்னும் கேக்கல."

"மருந்து போட்டு விடுறியா, அட்ராக்டா?"

கேட்ட மறுநிமிடம் கிண்ணம் மேஜைக்கு வந்தது. களிம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இவன் வருவான் என்று காய்ச்சி வைத்துக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் பிரியமாகிவிட்டது.

மலாக்கி வாயெடுப்பதற்குள், "நன்றி கின்றி சொல்லிடாத, மருந்து கெட்டுப்போகும்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கையை மோந்து பார்த்தேன். உப்பில்லாத வெண்ணெய் வாசனை. ஓரத்தில் முழு இலை ஒன்று நசுங்காமல் ஒட்டியிருந்தது. வட்டமாக, நடுவில் தொப்புள் மாதிரி குழிந்த சின்ன இலை. அதைத் தேடி ஊரையே சுற்றினேன். இடிக்காமல் விட்ட பழைய சுவரின் கல்லிடுக்கில்தான் மண்டிக் கிடந்தது. மலாக்கி கட்டிய பாதியில் ஒன்றுகூட இல்லை.

கை ஆறியது. ஆடுகளையும் கத்தரித்து முடித்தான். ஒருநாள் காலையில் கடப்பாரையோடு கிளம்பினான்.

"வாயால நன்றி சொல்லக்கூடாதுன்னுட்டா. மிச்ச சுவரையாவது நல்லா கட்டிக் குடுத்துடறேன்."

"அதைத் தொடாத," என்றேன்.

"ஏன்?"

சொன்னால் மருந்து போய்விடும். "தொடாதன்னா தொடாத. எதுக்குன்னு கேக்காத."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையின் புதுத்தோலை வெகுநேரம் பார்த்தான்.

"அவளும் அன்னைக்கு இதையேதான் சொன்னா," என்றான். கடப்பாரையைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தான்.