எதிர்காற்றில் எழுபத்தைந்து

காலையில் கடந்துவந்த பங்க்கில் நெவில் டீசல் போடவில்லை. ஆளில்லாத ரோட்டில் இருக்கும் பங்க்காரன் டீசலில் தண்ணீர் கலப்பான் என்பது அவருடைய நாற்பது வருஷச் சந்தேகம். ஒருநாளும் நிரூபித்ததில்லை. பாதி டேங்க் போதும் என்று மனைவி எய்லீனிடம் சொல்லிவிட்டு, ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளியில் மேற்கே வண்டியை விட்டார். பின்னால் கொக்கியில் மூன்று டன் கேரவன், சக்கரம் வைத்த வீடு. அப்புறம்தான் எதிர்காற்று கிளம்பியது.

அடுத்த பங்க்குக்கு இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர். இரண்டு மணிக்கு மகன் கிரெய்க் அங்கே லாரியை நிறுத்துவான். அரை மணி நேரம்தான், பிறகு கிழக்கே கிளம்பிவிடுவான். மூன்று வருஷமாக அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசவில்லை. இவனுக்கு ஒரு கேரவனை ஒழுங்காக இழுக்கத் தெரியுமா என்று அவன் மாமனார் வீட்டார் எதிரிலேயே நெவில் கேட்டிருந்தார். இன்றைய சந்திப்பு எய்லீன் போனில் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்தது.

நூறில் போனால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு இருபத்தாறு லிட்டர் என்று காட்டியது டாஷ்போர்டு. மீட்டர் பொய் சொல்கிறது என்றார் நெவில். எய்லீன் டீசல் முள்ளின் பக்கம் விரலை நீட்டினாள்.

ஓரங்கட்டி, எடை குறையட்டும் என்று கேரவன் டேங்கிலிருந்த நூற்றெண்பது லிட்டர் மழைத்தண்ணீரைத் திறந்துவிட்டார். வெளியூர்த் தண்ணீரை நம்பாமல் வீட்டிலிருந்து சுமந்துவந்தது. கால் மணி நேரம் போனதுதான் மிச்சம். கணக்கில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. சமவெளியில் எடை அவ்வளவு தின்பதில்லை. கேரவனின் தட்டை முகம் காற்றோடு மல்லுக்கட்டுகிறதே, அதுதான் டீசலைக் குடிக்கும். வேகம் கூடினால் பேயாகக் குடிக்கும். கேரவன்காரர்கள் தங்கும் கேம்ப்பில் ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவர் அவரேதான்.

"மெதுவா போனா அவனைப் பார்க்க முடியாது," என்றார்.

"வேகமா போனா நடுரோட்டுல நிப்போம். அப்பவும் பார்க்க முடியாது," என்றாள் எய்லீன்.

எழுபத்தைந்துக்கு இறக்கினார். கணக்கு பதினெட்டுக்கு வந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின. நீல லாரிக்காரன் ஒருவன், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் பின்னால் வருகிறவர்களை எச்சரித்தான். "முன்னால ஒரு பச்சைக் கோடு போட்ட கேரவன் நடந்து போகுது. மிதிச்சுடாதீங்கப்பா." வேறொரு நாளாக இருந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். இன்று எழுபத்தைந்தைத் தாண்டாமல் ஓட்டினார்.

இரண்டரை மணிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் பாக்கி. போய்விட்டிருப்பான் என்றார். எய்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் ரேடியோ கரகரத்தது. "அப்பா, ரெண்டு கிலோமீட்டர்ல லாரி நிறுத்துற இடம் ஒண்ணு இருக்கு. அங்க வந்து நில்லு."

கிரெய்க் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான். எய்லீன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"நீல லாரிக்காரன் பங்க்குல சொல்லிச் சிரிச்சான். பச்சைக்கோடுன்னதும் நீதான்னு தெரிஞ்சது. எழுபத்தஞ்சுன்னான், அதைத்தான் நம்பல," என்றான் அப்பாவிடம்.

"டீசல் பத்தல."

"இருந்திருந்தா?"

"நூறுல வந்திருப்பேன்." தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க மாமனார் எதிர்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றார்.

 பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கிரெய்க் குனிந்து கேரவன் கொக்கியை ஆட்டிப் பார்த்தான். பாதுகாப்புச் சங்கிலியில் ஒரு முறுக்கை எடுத்துவிட்டான். நெவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.