அந்த மாதிரிதான்

முரளி கேட்டின் மேல் ஒரு காலும் காம்பவுண்டுச் சுவரில் ஒரு காலுமாக நின்று பிளெக்ஸின் நான்காவது மூலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அன்புராஜ் வெளியே வந்ததைப் பார்த்ததும் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே கேட்டான்.

"மச்சான், நேரா கீதா பாரு."

நேராகத்தான் இருந்தது. நடுவில் அம்மாவின் படம். அன்புராஜின் கல்யாணத்தில் எடுத்தது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அதற்கு மேலே பெரிய சிலுவை, இரண்டு பக்கமும் புறா. 'திருமதி லேயா துளசிராமன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.' கீழே 'கண்ணீர் அஞ்சலி, பி ஷிப்ட் நண்பர்கள்' என்று பன்னிரண்டு பேர் படம். துக்கம் தெரிவிக்கிற பன்னிரண்டு பேரில் முரளி மட்டும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான்.

"கடைக்காரன் தூங்கிக்கினு இருந்தான். ஷட்டர தட்டி எழுப்பி அடிச்சு வாங்கியாந்தேன். ஒண்ணும் தப்பு இல்லியே?"

அம்மா போனது விடியற்காலை நாலரைக்கு. ஐந்து மணிக்கே முரளி வந்துவிட்டான். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஒன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஐஸ் பெட்டி, ஷாமியானா, நாற்காலி எல்லாம் அவன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அப்படிப்பட்டவனிடம் எங்கே ஆரம்பிப்பது என்று அன்புராஜுக்குத் தெரியவில்லை.

"நல்லா கீதுடா" என்றான்.

போன திங்கட்கிழமைதான் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மூச்சு வாங்க வாங்கத்தான் சொன்னாள். "அன்னிக்கே புதைச்சிடணும் பாளா. வெள்ளைத் துணி போதும். பூ வேணாம். சிலுவையும் வேணாம். அவங்க சாமி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அது நான் இல்ல." பாளா என்றால் மராத்தியில் குழந்தை. முப்பத்தெட்டு வயதுக் குழந்தை தலையை ஆட்டினான்.

அம்மா பம்பாய்க்காரி, யூதப் பெண். அங்கே மில்லில் ஃபிட்டராக இருந்த கடம்பத்தூர் துளசிராமனைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தவள். சிப்காட் பக்கம் முதன்முதலில் வாடகைக்கு வீடு கேட்டபோது வீட்டுக்காரர், பொண்ணு என்ன மதம் என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. "கிறிஸ்டியன் மாதிரியா?" என்றார். பின்னாலிருந்து அப்பா, "அந்த மாதிரிதான்" என்றார். வீடு கிடைத்துவிட்டது.

அதோடு சரி. நாற்பது வருஷம் அம்மா அந்த மாதிரியாகவே இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு விளக்கு ஏற்றுவாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதில் இந்தத் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? பழவேற்காட்டு இறால் எதிர்வீட்டு மேரி அக்காவிடமிருந்து வரும்போதெல்லாம் தன் மதத்தில் ஆகாததை அலர்ஜி என்று சொல்லித் திருப்பிவிடுவாள். வருஷத்தில் ஒருநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பாள். "விரதமா அக்கா?" என்றால், "ஆமா, விரதந்தான்." பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அன்புராஜும் பள்ளிக்கூடத்தில், காலேஜில், கம்பெனியில், யார் கேட்டாலும் அம்மா கிறிஸ்டியன் என்று சொல்லிப் பழகியிருந்தான். அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் டிவியில் இஸ்ரேல் சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்துக் குழந்தையைக் காட்டினாலும் அம்மா டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்த நாட்களில் ஒருநாள், 'பி ஷிப்ட் சிங்கங்கள்' குரூப்பில் முரளி ஒன்றை ஃபார்வர்டு செய்தான். 'அன்னிக்கு ஜெர்மனில ஒருத்தன் பாதி வேலையிலயே விட்டுட்டான், அதான் இன்னிக்கு இந்தத் தொல்லை.' பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பொம்மை. ஒவ்வொருத்தராகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்புராஜும் காட்டினான். காட்டாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுதான் அவனை இன்றுவரை அறுக்கிறது.

அன்று ராத்திரி இஸ்ரேலில் இருக்கும் தன் தங்கை மில்காவோடு பேச அம்மா அவன் போனை வாங்கினாள். திரையில் அந்தக் குரூப் திறந்தபடியே இருந்திருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தாள். கூப்பிடாமலே போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சார்ஜ் போடு பாளா. பத்துதான் இருக்குது" என்றாள். அதற்கப்புறம் தங்கையோடு பேச வேண்டுமென்றால் மருமகள் சந்திரகலாவின் போனைத்தான் கேட்பாள்.

அன்புராஜ் உள்ளே போனான். மேரி அக்கா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அன்பு, ஃபாதராண்ட பேசிட்டேன். மொதல்ல கோயில் கணக்குல பேரு இல்லன்னாரு. என் கூடப்பொறந்த அக்கா மாதிரி ஃபாதர்னு கால்ல வுழாத கொறையா கேட்டேன். மூணு மணிக்கு வராரு. குழிக்கு ஆளு போயாச்சு."

அவன் தலையை ஆட்டினான். சந்திரகலா சமையலறை வாசலிலிருந்து அவனையே பார்த்தாள். அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் சொல்லலியா?"

"சாவு ஊட்ல எப்டிடி சொல்றது? எல்லாரும் ஓடி ஓடி செய்றாங்க."

"அத்தையாண்ட தலையாட்டுனது யாரு?"

எல்லாருக்கும் தலையாட்டுவதுதான் அவன் பிழைப்பாகிவிட்டது.

பத்து மணிக்குச் சித்தப்பா சுப்பராயன் வந்தார். செத்துப்போன அப்பாவின் தம்பி, கடம்பத்தூரில் நெல் போடுகிறவர். ரயில் மாறி, பஸ் ஏறி வந்த வியர்வையோடு பிளெக்ஸைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து பெட்டியின் பக்கத்தில் ஒரு மஞ்சள் பையை வைத்தார். அதில் அவல் இருந்தது.

ஒவ்வொரு அறுப்புக்கும் அவர் அவல் இடித்துக் கொண்டுவருவார். அம்மா அதில் தேங்காயும் சர்க்கரையும் திராட்சையும் போட்டுப் பிசைந்து, சுற்றிப் பழங்கள் அடுக்கி, தன் மொழியில் முணுமுணுத்துவிட்டு எல்லாருக்கும் கொடுப்பாள். மலிதா என்பாள். சித்தப்பாவும் கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொள்வார்.

"எப்போ கெளம்பறோம்?" என்றார் இப்போது. "கெணத்து மேட்டுல குழி வெட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"சித்தப்பா, அது வந்து... இங்கயே கோயில் கல்லறையில எடம் ஆயிடிச்சி."

"அண்ணி கேட்டுதா அத?"

அன்புராஜ் மஞ்சள் பையைச் சுவரோரமாக நகர்த்தினான்.

"போன வருசமே என்னாண்ட சொல்லிச்சுடா அண்ணி. சுப்பு, எனக்கு இங்க சொந்தம்னு ஒரு ஊரு இல்ல, உங்க நெலத்துல ஓரமா கொஞ்சம் குடுன்னு. ஓரம் இன்னா ஓரம், நடுவுலயே எடுத்துக்கோன்னேன்."

"ஊர்ல எதுனா சொன்னா?"

"சொல்லுவானுங்க. சொல்லிக்கினு போவட்டும். காலைல உன் அத்த ஊட்டுக்காரன் கூட கேட்டான், அது இன்னா சாதி, இன்னா மதம், நெலத்துல பொதைக்கிறியேன்னு. எங்கண்ணிடா அதுன்னேன். வாய மூடிக்கினான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று அன்புராஜுக்கு ஆற்றாமையாக இருந்தது. எழுந்து வெளியே போனான்.

முரளி ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலி விரித்துக்கொண்டிருந்தான்.

"முரளி, பிளெக்ஸ அவுத்துடுடா."

"ஏன் மச்சான், எழுத்து எதுனா தப்பா?"

"எங்கம்மா கிறிஸ்டியன் இல்ல."

"பின்ன?"

"யூதரு."

முரளி முதலில் சிரிக்கப் பார்த்தான். அன்புராஜின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

"போன வருசம் குரூப்புல ஒண்ணு அனுப்புனியே. பாதி வேலையில வுட்டுட்டான்னு. அது இவங்கள பத்திதான். அம்மா அத படிச்சாங்கடா."

முரளியின் கையிலிருந்த நாற்காலி தானாக மடிந்துகொண்டது. இந்த வீட்டில் அவன் சாப்பிடாத வாரம் கிடையாது. பிறகு தப்பிக்க ஒரு வழி கிடைத்ததுபோல் அவசரமாகச் சொன்னான்.

"மச்சான், நீ கூட... நீயும் கட்ட வெரல் போட்டியேடா."

"ஆமா. நானுந்தான்."

முரளி போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். வெகுநேரம் தேடி, அழுத்தி, மறுபடி அழுத்தி, "டெலிட் போட்டா எனக்கு மட்டுந்தான் போவும்னுது. எல்லாருக்கும் போவ மாட்டேங்குதுடா" என்றான்.

"நாளாச்சின்னா போவாதுடா."

முரளி சுவரில் ஏறிக் கயிறுகளை அவிழ்த்தான். அறுத்திருந்தால் அரை நிமிஷ வேலை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். அம்மாவின் முகம் மடியாமல் உள்பக்கமாக வைத்துச் சுருட்டிக் கதவோரம் சாய்த்தான்.

மேரி அக்காவிடம் சந்திரகலாதான் சொன்னாள். அக்காவின் கையில் ஜெபமாலை அப்படியே நின்றுவிட்டது.

"நாப்பது வருசமா எதிர் ஊட்ல கீறேன். என்னாண்ட கூடவா சொல்லக் கூடாது?" என்று அன்புராஜைப் பார்த்துக் கேட்டாள். அவன் விழிப்பதற்குள் அவளுக்கே ஏதோ நினைவு வந்துவிட்டது. "ஒரு பெரிய வெள்ளிக்கு எங்கூட கோயில் நாடகம் பாக்க வந்தாங்க. யூதனுங்க வேஷம் கட்னவங்க மேடைல வந்தப்போ எல்லாம் சேந்து கத்துனோம். நானுந்தான் மண்ண வாரித் தூத்துனேன். தலவலின்னு பாதில எழுந்து வந்துட்டாங்க. நான் ராத்திரி தைலம் எடுத்தாந்து தேச்சி வுட்டேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல."

ஜெபமாலையை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஃபாதருக்கு நான் போன் பண்ணிக்கிறேன். கலா, தண்ணி எப்டி ஊத்தணும்? உங்க அத்த எதுனா சொல்லிக் குடுத்தாங்களா?"

"சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாங்க அக்கா. பொம்பளைங்கதான் செய்யணும். தலைல ஆரம்பிச்சி நிறுத்தாம ஊத்தணும்."

இரண்டு பெண்களும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஆண்கள் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அன்புராஜ் சட்டையின் இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே கையை வைத்தான். பம்பாய்த் தாத்தா செத்தபோது அம்மா ரவிக்கையை அங்கேதான் கிழித்துக்கொண்டாள். அவன் சின்னப் பையன், பயந்து அழுதான். "வலிக்குதுன்னு சொல்றதுக்கு இது பாளா" என்றாள். அவன் இழுத்தான். கம்பெனிச் சட்டை கெட்டித் துணி, லேசில் கிழியவில்லை. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து நுனியில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்தார். மீதியை அவன் கிழித்தான். கிழிந்த சத்தம் கேட்டதும்தான் அழுகை வந்தது. அம்மா, அம்மா என்று தெரு கேட்க அழுதான்.

நாலு மணிக்குக் கடம்பத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். அறுப்பு முடிந்த வயல். வெள்ளைத் துணியில் அம்மா ரொம்பச் சின்னதாக இருந்தாள். அன்புராஜ் தன்னுடைய போனில் மில்கா சித்தியைக் கூப்பிட்டான். திரையில் சித்தி தலையை மூடிக்கொண்டு பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்ததும் போனை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. முரளி வாங்கிக்கொண்டான். சித்திக்குக் குழி தெரிய வேண்டும் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். யாருக்கும் புரியாத அந்தப் பாஷை முடிகிறவரை கையை இறக்கவேயில்லை.

மண் தள்ளி முடித்ததும் முரளி சந்திரகலாவின் பக்கத்தில் வந்தான். காலையிலேயே வாங்கி வைத்த ரோஜா மாலை இன்னும் வண்டியில் கிடந்தது.

"தங்கச்சி, மாலை..."

"பூ வேணாம்னாங்கண்ணே. கல்லுதான் வெப்பாங்களாம். வந்து போனதுக்கு அடையாளமா."

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மூன்று போகம் விளைகிற மண், மாவாட்டம் இருந்தது. "இங்க ஏது கல்லு, எங்கப்பன் காலத்துலயே பொறுக்கி எறிஞ்சாச்சி" என்றார் சித்தப்பா.

முரளி வரப்பில் இறங்கி நடந்தான். போகட்டும், வெட்கப்படுகிறான் என்று அன்புராஜ் நினைத்தான். அரக்கோணம் மின்வண்டி ஒன்று போய், சென்னை வண்டி ஒன்று வந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது முரளியின் பேன்ட் பைகள் இரண்டும் புடைத்திருந்தன. தண்டவாளத்து ஜல்லி. மேரி அக்காவுக்கு ஒன்று கொடுத்தான். சந்திரகலாவுக்கு, சித்தப்பாவுக்கு. குனிந்து தன்னுடையதை மண் மேட்டில் வைத்து, உருளாமல் கட்டைவிரலால் அழுத்தினான். கடைசியாக அன்புராஜின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்.

பகலெல்லாம் வெயிலில் கிடந்த கல். இன்னும் சூடாக இருந்தது.