ஒன்பதில் முடியும் எண்

பேனா உள்ளே வரக் கூடாது என்பது ஆவணக் காப்பகத்தின் முதல் சட்டம். வாசல் மேசைக்காரர் அவள் பேனாவை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு ஒரு பென்சிலை நீட்டினார். அதன் தலையெல்லாம் பல் தடம். அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். கடைவாய்ப் பல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கடிச்சது நான் இல்லம்மா. எதுவும் கிடைக்காதவங்க கடிக்கிறது," என்றார் பென்சில்காரர்.

அவள் சிரித்தாள். காலையில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையில் அந்தப் புத்தகம் இருந்தது. மலையடிவாரத்தில் முன்பு இருந்த காசநோய் மருத்துவமனையின் வரலாறு. அங்கே வேலை பார்த்த டாக்டர் ஒருவர் ஓய்வுபெற்ற பின் எழுதியது. கடைசிப் பக்கங்களில் எறும்பு எழுத்தில் நோயாளிகளின் பட்டியல். மூன்று மாதமாகப் பொது நூலகத்தில் தூசி தின்றவளுக்கு அங்கேதான் தாத்தா அகப்பட்டார். பெயர், வயது, தொழில் மூன்றும் பொருந்தின. எண் 4319.

அப்பாவுக்கு நாலு வயதில், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போன தாத்தா திரும்பவே இல்லை. ஓடிப்போய்விட்டான் என்று தெரு முடிவுகட்டியது. ஓடிப்போனவன் மகன் என்ற பட்டம் எழுபது வருடமாக அப்பாவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அவர் ஞாபகம் ஓட்டைப் பானை. பேரப் பிள்ளைகளின் பெயர்கள்கூட ஒழுகிவிட்டன. அந்தப் பட்டம் மட்டும் அடியில் தங்கிவிட்டது. பட்டியலைக் காட்டியபோது வெகுநேரம் விரலை அந்த எண்ணின் மேலேயே வைத்திருந்தார்.

"சேர்ந்தது சரிம்மா. அப்புறம்? அங்கயே செத்தாரா, இல்ல குணமாகி வேற பக்கம் போனாரா? அதைப் பாத்துட்டு வா."

செத்திருந்தால் அவர் பிள்ளையைக் கைவிடவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே போன பென்சில்காரர் வெறுங்கையோடு வந்தார்.

"ஒன்பதுல முடியுதேம்மா."

"அதனால என்ன சார்?"

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி எடம் பத்தலன்னு மேலேர்ந்து உத்தரவு. மாதிரிக்குப் பத்துல ஒண்ணு இருந்தா போதும்னாங்க. பூஜ்யத்துல முடியற கோப்பு அலமாரிக்கு. மத்த ஒன்பதும் காகித ஆலைக்கு, கூழாக்க."

"இறப்புப் பதிவேடு?"

"அது ஆஸ்பத்திரியிலயே செல்லரிச்சுப் போச்சு."

நகராட்சிப் பதிவுகளை அவள் ஏற்கெனவே சலித்துவிட்டாள். அந்த வருடங்களே அங்கே இல்லை.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்து அவர் சொன்னார்: "அன்னிக்கு ஒரே ஒரு ஆளை முன்னாடி விட்டுட்டு நின்னிருந்தார்னா, இப்ப இங்க இருந்திருப்பார்."

"எங்க வீட்ல வரிசையில யாரையும் முன்னாடி விட மாட்டாங்க சார்," என்றாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், 4320 இருக்கிறதா என்று கேட்டாள். சேர்ந்த வரிசைப்படியே கட்டில் கொடுத்தார்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

இருந்தது. யாரோ ஒரு கொத்தனார். எடை, காய்ச்சல், சளியில் ரத்தம், தினமும் இரண்டு முட்டை. பதினோரு மாதம் அந்த மனிதர் இருமியதை அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். சொந்தத் தாத்தாவுக்குச் செய்ய முடியாததை ஊரார் தாத்தாவுக்குச் செய்தாள். ஏழாவது மாதத்தில் நர்ஸின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பக்கத்துக் கட்டில் (4319) நேற்று முதல் காலி. ஜன்னலோரமாக இருப்பதால் தன்னை அங்கே மாற்றும்படி கேட்கிறார். மாற்றப்பட்டது.'

எப்படிக் காலியானது? கொத்தனாரின் கோப்புக்கு அது வேண்டாத சேதி. அடுத்த தாளில் மறுபடியும் முட்டைதான். கோப்பை மூடியபோது பென்சில் தன் வாயில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டாள். ஒரு சொல் போதும். யாருக்கு நஷ்டம்?

அப்பா கட்டில் விளிம்பில் வெளியே கிளம்புகிறவர்போல உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் மாறிப் போட்டிருந்தது.

"செத்துட்டார்ப்பா. ஆஸ்பத்திரியிலயே."

"எழுதியிருந்துச்சா? நீ கண்ணால பாத்தியா?"

முப்பத்துநாலு வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் படித்தவர் அவர். பூட்டிய வீட்டுக்குக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டவர் இல்லை. எல்லாம் ஒழுகிய பிறகும் அது ஒழுகவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளால் தலையாட்ட முடியவில்லை.

பூஜ்யம், ஒன்பது, கொத்தனார், காலிக் கட்டில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப 'வீடு பூட்டியிருந்தது'ன்னு எழுதிக்க," என்றார்.

அவள் முன்னால் குனிந்து பொத்தான்களைச் சரிசெய்தாள். மூன்றாவது பொத்தானில் அவர் குரல் வந்தது.

"அப்ப எங்கப்பாவோடது ஜன்னலோரக் கட்டில்."

"ஆமாப்பா."

"வெளிய என்ன தெரியுமாம்?"

"அது போடலப்பா."