கடைசியில் வருகிற ஆள்

கணவர் இறந்த பிறகு அவளுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒன்று, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு விடுதியிலிருந்து வந்தது.

"சார் பேர்ல ரூம் போட்டிருக்கு மேடம். சைக்கிள் ரேஸ் நடக்கிற வாரம். வர்றீங்கதானே? இல்லைன்னா வேற ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்று, குரல் இறங்கி, "அடடா" என்று ஆரம்பிக்கும். அந்த அடடாவை அவள் போதுமான அளவு கேட்டுவிட்டாள்.

"வர்றோம்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது பன்மை என்று உறைத்தது. அதையும் திருத்தத் தோன்றவில்லை. கைகழுவிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவளுக்கு வேலை. மேலே யாரையோ கிழித்துத் தைத்த கத்தரிக்கோல்களும் இடுக்கிகளும் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கும். கழுவ வேண்டும், ஒவ்வொன்றையும் மூட்டுவரை விரித்து விளக்குக்கடியில் பார்க்க வேண்டும், நீலத் துணியில் சுற்றி நாடா ஒட்டி நீராவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். கணவர் இறந்த வாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். "கல்லு மாதிரி இருக்காதே, ஒரு மூச்சு அழுதுடு" என்றாள் கூட வேலை செய்கிற பெண். அவளும் முயற்சி செய்துதான் பார்த்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர்தான் வீணாயிற்று.

கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒரு பஸ்ஸுக்கடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வரவில்லை. ஆள் தூங்கிவிட்டார் என்று நினைத்து, காலைத் தட்டிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். இதயம் நின்று நேரமாகியிருந்தது.

அவருக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். வருஷத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் நடக்கும் பந்தயம் அது. தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிப்பார்கள். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். ஆனால் ஜெயித்தவரைப் பற்றிக் கணவர் பேசி அவள் கேட்டதில்லை. முடிவுப் பட்டியலைக் கீழேயிருந்துதான் படிப்பார்.

"முதல்ல வந்தவனும் அதே மலையைத்தான் ஏறினான், கடைசியா வந்தவனும் அதே மலையைத்தான் ஏறினான். கடைசி ஆளு கூடுதலா ஒரு மணி நேரம் வெயில்ல கெடந்திருக்கான். அப்போ யாரு பெரிய ஆளு?" என்பார்.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தவன்தான்" என்பாள், காய் நறுக்கிக்கொண்டே. அவளுக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாம் தெரிந்துபோயிற்று. ஒருமுறையாவது ரோட்டோரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இந்த வருஷம்தான் இருவரும் விடுப்புக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த மலையிலிருந்து பந்தயம் முடியும் நகரம்வரை ஒவ்வோர் ஊரிலும் அவர் அறை போட்டிருந்தார்; மற்ற விடுதிகள் கூப்பிட்டபோதும் அவள் "வர்றோம்" என்றே சொல்லியிருந்தாள்.

அறை உறுதியானதைக் கேட்டதும் கொழுந்தன் தானும் வருவதாகச் சொன்னான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வாய் ஓயாது, அண்ணன் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள்கூட, இவன் வெளியே நின்று பேசுகிற பேச்சில் கதவு திறந்ததும் பயத்தை மறந்து சிரித்துக்கொண்டு வருவார்கள்.

"உங்களைத் தனியா அனுப்பினா அண்ணன் கனவுல வந்து உதைப்பாரு அண்ணி" என்றான்.

அவள் வண்டி ஓட்ட, அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். எந்த அணியில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த இறக்கத்தில் போன வாரம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று. அவள் சரியான இடங்களில் "ம்" போட்டாள். பேச்சு காதில் விழுந்தது, அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை. விடுதியில் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டோம் என்று தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு தெரியவில்லை.

மறுநாள் மலைப்பாதையை மூடுவதற்கு முன்பே மேலே போய் ஒரு கொண்டை ஊசி வளைவில் இடம் பிடித்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. ரோட்டில் பெயர்களை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தவர்கள் அது கரைவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் இதற்கென்றே வாங்கிவைத்த இரண்டு மடக்கு நாற்காலிகளைக் கொழுந்தன் விரித்தான். ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர் பாட்டில் வைத்திருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.

"நாற்காலி இருக்கே தம்பி."

"இருக்கட்டும் அண்ணி. இதுவே வசதியா இருக்கு."

வசதியாக இல்லை என்பது அவன் நெளிவதிலேயே தெரிந்தது. அவள் வற்புறுத்தவில்லை.

முதலில் விளம்பர வண்டிகள் வந்தன. பாட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பி, சாவிக்கொத்து, பிஸ்கட் என்று விட்டெறிந்துகொண்டே போனார்கள். நரை விழுந்த பெரியவர்கள் எல்லாம் பாய்ந்து பாய்ந்து பொறுக்கினார்கள். ஒரு தொப்பி அவள் மடியில் தானாக வந்து விழுந்தது. பின்னால் நின்றவர், "அதிர்ஷ்டக்காரங்க நீங்க" என்றார். அவள் தொப்பியை அவரிடமே நீட்டினாள்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹெலிகாப்டர் சத்தம், மோட்டார் சைக்கிள்கள், அப்புறம் திடீரென்று அவர்கள். எலும்பும் நரம்புமாக, வாயைத் திறந்தபடி, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். ஜனம் கத்திய கத்தலில் காது அடைத்தது. கொழுந்தன் துள்ளினான். இரண்டு பேர், பிறகு ஒரு கும்பல், பிறகு உதிரி உதிரியாக. இதற்காகவா இத்தனை வருஷம் ஆசைப்பட்டார் என்று அவள் யோசித்தாள். அதில் வருத்தமும் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி யோசித்தாள், அவ்வளவுதான்.

மழை வலுத்தது. பாதிப்பேர் நாற்காலியை மடக்கிவிட்டார்கள்.

"இன்னும் ஒருத்தர் வரணும்" என்றான் கொழுந்தன், போனில் வர்ணனையைக் கேட்டபடி. "போன வருஷமும் இவர்தான் கடைசி. மூணு வாரமும் தாக்குப்பிடிச்சு முடிச்சாரு. அண்ணன் இவருக்காக எப்படிக் கத்துவாரு, ஞாபகம் இருக்கா? நேத்து விழுந்துட்டாராம்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. டிவியில் யாருமே காட்டாத ஆளைத் திரையின் ஓரத்தில் தேடி, "அதோ, அதோ!" என்று எழுந்து நிற்பார்.

அந்த ஆள் வந்தபோது நடக்கிறவரைவிடக் கொஞ்சம்தான் வேகம். முழங்கையிலும் முழங்காலிலும் கட்டு, நனைந்து தொங்கியது. பின்னாலேயே ஒரு வேன் ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு நாளும் இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போக வருவது அந்த வேன். ரசிகர்கள் அதைத் துடைப்பவண்டி என்பார்கள்.

வளைவுக்கு வந்ததும் அவர் காலை ஊன்றினார். சைக்கிளைப் பாறையில் சாய்த்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"உக்காரலாமா அக்கா?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலித் துணியிலிருந்து மழைத்தண்ணீர் சலசலவென்று கொட்டியது.

கொழுந்தனுக்கு முகமே மாறிவிட்டது. "தலைவா, என்ன தலைவா இது! எழுந்திரிங்க. இன்னும் ரெண்டே ரெண்டு வளைவு, அப்புறம் இறக்கம்தான். நான் கூடவே ஓடி வர்றேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்க அண்ணன் உங்களைத்தான் பாப்பாரு தலைவா. ஜெயிக்கிறவனைப் பாக்கமாட்டாரு. போன வருஷம் நீங்க முடிச்ச அன்னைக்கு எங்க வீட்டுல ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாரு."

"அண்ணன் வரலையா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான், மூடினான். ரேடியோ நின்றுபோயிற்று.

"இறந்துட்டார்" என்றாள் அவள். "நீங்க உக்காந்திருக்கிறது அவர் நாற்காலி."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் கையமர்த்தினாள். அடடா என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தாள். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிச்சா ஓட்டியிருப்பேன் அக்கா. வலியோட ஓட்டிப் பழக்கம்தான். காலைலேருந்து வலியே இல்லை. இது என் காலுன்னே தெரியலை. நான் மிதிக்கிறேனா, அதுவா சுத்துதான்னு புரியலை. அப்படியே கீழே பள்ளத்துல விட்டுருவேனோன்னு ஆயிடுச்சு."

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ நிறுத்தினது சரிதான்" என்றாள்.

"அண்ணி! என்ன அண்ணி நீங்களும்…"

"விடு தம்பி. அவருக்குத் தெரியாதா?"

வேனிலிருந்து ஓர் அதிகாரி இறங்கி வந்தார். பந்தயத்தை விட்டு விலகுகிறவரின் முதுகில் ஊக்கால் குத்தியிருக்கும் எண் துணியைக் கழற்றி வாங்கிக்கொள்வது வழக்கம். குளிரில் அதிகாரியின் விரல்கள் விறைத்திருந்தன. ஊக்கு பிடிபடவில்லை. இரண்டு தடவை இழுத்ததில் சட்டைதான் நீண்டது.

"தள்ளிக்குங்க" என்று அவள் எழுந்தாள்.

ஈரத் துணிக்கும் அவள் விரல்களுக்கும் பழைய உறவு. மூலைக்கு ஒன்றாக ஊக்குகளைத் தளர்த்தினாள். கீழ் மூலையில் ஒன்று சட்டையோடு சேர்ந்து தோலையும் லேசாகப் பிடித்திருந்தது. அதைத் தனியாக, தோலை விலக்கி எடுத்தாள். குனிந்திருந்த அந்த முதுகு சூடாக இருந்தது. மழையிலும் ஆவி பறந்தது. மனிதச் சூட்டைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஒரு நினைப்பு வந்து, எங்கும் தங்காமல் போயிற்று. எண் துணியை அதிகாரியிடம் கொடுத்தாள்.

"தேங்க்ஸ் அக்கா" என்று அந்த ஆள் எழுந்து வேனில் ஏறினார். படியில் ஒரு காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. சைக்கிளை மேலே கட்டினார்கள். பாதையைத் திறந்துவிட்டார்கள்.

காரில் ஏறியதும் கொழுந்தன் அழ ஆரம்பித்தான். தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளைபோல மூக்கை ஒழுகவிட்டு அழுதான்.

"நின்னுட்டாரே அண்ணி… இன்னும் கொஞ்ச தூரம்தானே… நின்னுட்டாரே."

அவள் என்ஜினை நிறுத்திவிட்டு அவன் தோளில் கைவைத்தாள். இந்த இடத்தில் செய்ய வேண்டியது அதுதான் என்று தெரிந்திருந்தது. கண்ணாடியில் அவர்கள் விட்ட மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போகும்வரை கையை எடுக்கவில்லை.

"உங்களுக்கு எப்படி அண்ணி முடியுது?" என்றான் கடைசியில்.

"என்ன முடியுது?"

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "என்னால இதுக்கு மேல பாக்க முடியாது. ரயில் பிடிச்சுப் போயிடறேன். நீங்களும் வந்துருங்க அண்ணி."

"எல்லா ஊர் விடுதிக்கும் வர்றோம்னு சொல்லியாச்சே."

"போன் போட்டு வரலைன்னு சொல்லுங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் போய் அவள் என்ன செய்யப் போகிறாள்? அவனை ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். ரயில் புறப்படும்போது அவன் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றான்.

மீதி ஊர்களுக்கு அவள் தனியாகவே ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு நாற்காலியை மட்டும் விரித்தாள். ஒரு நாள் சோளக்காட்டு ஓரம், ஒரு நாள் தொழிற்சாலை மதிலோரம். சில நாள் வெயில். யார் முன்னால் போகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்காமலே சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு மதியம் தக்காளிப்பழம் ஒன்றைக் கடித்தபோது புளிப்பு நாக்கில் சுரீரென்றது. அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் தின்றாள்.

கடைசி நாள் பெரிய நகரம். அகலமான வீதியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இரும்புத் தடுப்பை ஒட்டி நெருக்கியடித்துக் கூட்டம். பக்கத்தில் ஒரு பெண், கன்னத்தில் கலர் பூசி, கையில் கொடியோடு நின்றாள். அண்ணன் மகன் ஓட்டுகிறானாம். குடும்பமே வந்திருந்தது.

"நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"வீட்டுக்காரருக்காக."

அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. "அப்படியா! எந்த டீம்ல ஓட்டறாரு?"

திருத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கலர் பூசிய முகம் என்ன ஆகும் என்று தெரியும்.

"நடுவுலேயே நின்னுட்டாரு" என்றாள்.

"அச்சச்சோ. விழுந்துட்டாரா?"

"இல்லை. சும்மா படுத்துக்கிட்டிருந்தாரு. அப்படியே நின்னுட்டாரு."

அந்தப் பெண் புரியாமல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து, "நீங்க மட்டும் தனியா வந்து நிக்கறீங்களே. முன்னாடி வாங்க, இங்க நல்லாத் தெரியும்" என்று தன் இடத்தை விட்டு நகர்ந்தாள்.

அவள் முன்னால் போனாள். இரும்புத் தடுப்பு வெயிலில் சுட்டது. தூரத்தில் வீதி முனையில் ஹெல்மெட்டுகள் ஒரே கூட்டமாகத் திரும்பின. எல்லோரும் தடுப்பைத் தட்ட ஆரம்பித்தார்கள். அவளும் உள்ளங்கையால் தட்டினாள். முதல் கும்பல் போய், இரண்டாவது கும்பல் போய், தனியாக வந்த ஒருவரும் போய், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை சிவந்து எரிந்தது.

"இன்னொரு சுத்து வருவாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"வரட்டும்" என்று அவள் அங்கேயே நின்றாள்.